வலைப்பக்க முகவரியில் சுட்டும் பெயரும்

இயற்பெயரும் சுட்டுப்பெயரும் ஒருவரையே குறித்து வருமிடத்து, இயற்பெயரை முன்னும் சுட்டுப்பெயரைப் பின்னும் வைத்தல் வேண்டும் என்பது தமிழாசிரியர் வகுப்பில் சொல்லிக்கொடுக்கும் விதி. தொல்காப்பியர் இதனைச் சொல்லதிகாரத்துக் கிளவியாக்கத்தில் வகுத்தார். நன்னூலார் பொதுவியலில் எடுத்தோதினார். 'முருகன் வந்தான், அவனுக்குப் புத்தகம் கொடு' என்றால் பொருள் தடையின்றி விளங்கும். 'அவன் வந்தான், முருகனுக்குப் புத்தகம் கொடு' என்றாலோ, வந்தவன் ஒருவன், புத்தகம் பெறுபவன் வேறொருவன் என்றே கேட்போர் கொள்வர். செய்யுளில் மட்டும் சுட்டு முன்னே வரலாம் எனத் தொல்காப்பியர் இடங்கொடுத்தார். செய்யுளைப் படிப்பவன் நின்று நிதானித்துப் பொருளைக் கூட்டிக்கொள்வான் என்பது காரணமாகலாம்.

இவ்விதிக்கு அடியில் உள்ள உண்மை எளியது. சுட்டு, சொல்பவன் நிற்கும் இடத்தைக் கொண்டே பொருள் பெறும். 'இங்கே' என்பதை ஜொகூர் பாருவில் சொன்னால் ஜொகூர் பாரு. குளுவாங்கில் சொன்னால் குளுவாங். பெயருக்கு அத்தகைய சார்பு இல்லை; எங்கே சொன்னாலும் அது ஒன்றையே குறிக்கும். இவ்வேறுபாடு இலக்கண நூலோடு நின்றுவிடவில்லை. இணையத்திலே பக்கங்களை ஆக்கும் வல்லுநர் இன்று அடிக்கடி இடர்ப்படும் இடங்களுள் ஒன்று இதுவே. பள்ளிக்கென வலைத்தளம் வைத்திருப்போரும், பாடங்களின் இணைப்பைப் பெற்றோருக்கு அனுப்புவோரும் இதன் விளைவைக் கண்டிருப்பர். காரணத்தைத்தான் பலர் அறிந்திரார்.

தோட்டப்புறத்தில் வளர்ந்தோர்க்கு இதனை விளக்குதல் எளிது. 'மேல் லயம், நான்காம் வீடு' என்றால் தோட்டத்துக்குள் இருப்போர் அனைவர்க்கும் இடம் தெரியும். தண்டல் ஆளனுப்புவதற்கும் கிராணி கணக்கெழுதுவதற்கும் அதுவே போதும். அதே நான்கு சொற்களை உறைமீது எழுதித் தஞ்சாவூரில் அஞ்சற்பெட்டியில் போட்டால், கடிதம் கடல் கடந்து வருமா? தோட்டத்தின் பெயர், அஞ்சலகம் உள்ள ஊர், ஜொகூர், மலேசியா என்ற யாவும் அதில் இருத்தல் வேண்டும். ஆயினும் பக்கத்து வீட்டுக்கு உப்புக் கேட்டுப் பிள்ளையை அனுப்பும் தாய், நாட்டின் பெயரையும் சேர்த்தா சொல்லி அனுப்புவாள்? உள்ளே புழங்குவதற்கு உள்முகவரி; வெளியே செல்வதற்கு முழுமுகவரி. ஒன்றிருக்க வேண்டிய இடத்தில் மற்றொன்று இருப்பதுதான் குழப்பத்துக்கு வித்து.

வலைப்பக்கத்தின் முழுமுகவரிக்கு மூன்று உறுப்புகள் முதன்மையானவை. முதலாவது, எவ்வழியாகச் செல்வது என்பதைக் கூறும் நெறிமுறை, 'எச்.டி.டி.பி.எஸ்.' என்று தொடக்கத்தில் காண்பது அது. இரண்டாவது, தளத்தின் பெயர். தோட்டத்தின் பெயரைப் போன்றது. மூன்றாவது, அத்தளத்துக்குள் பக்கம் இருக்குமிடத்தைக் காட்டும் பாதை. லயமும் வீட்டு எண்ணும் போன்றது. இவ்வமைப்பை வலையின் தந்தையாகிய டிம் பெர்னர்ஸ்-லீயும் உடனுழைத்தோரும் 1994 டிசம்பரில் விதியாக எழுதி வெளியிட்டனர். முகவரியில் வரும் இரட்டைச் சாய்கோடு உண்மையில் தேவையற்றது என்று பெர்னர்ஸ்-லீயே 2009இல் ஒப்புக்கொண்டார். உலகத்தார் தட்டிய கோடுகளை எண்ணிப் பார்த்தால் சற்றுக் காலங்கடந்த ஒப்புதல்தான்!

அடுத்த ஆண்டே, அதாவது 1995இல், சுருக்கமுகவரிக்கான விதிகளை ராய் ஃபீல்டிங் தனியே வகுத்தார். இதிலும் வகைகள் உண்டு. 'இதற்கு அடுத்த பக்கம்' என்பதுபோல, நிற்கும் பக்கத்தை வைத்து எண்ணுவது ஒன்று. ஒற்றைச் சாய்கோட்டில் தொடங்கி, தளத்தின் வாயிலிலிருந்து எண்ணுவது மற்றொன்று. இரட்டைச் சாய்கோட்டில் தொடங்கி, தளத்தின் பெயரைச் சொல்லி நெறிமுறையை மட்டும் விட்டுவிடுவது பிறிதொன்று. மூன்றுமே சுட்டுகள்தாம், எவ்வளவை விட்டுவிடுகின்றன என்பதில் மட்டுமே வேறுபடும். விடுபட்டதை வாசகரின் உலாவி, தான் அப்போது திறந்து வைத்திருக்கும் பக்கத்தின் முகவரியிலிருந்து எடுத்து நிரப்பிக்கொள்கிறது. திறந்து வைத்திருக்கும் பக்கம் என்று ஒன்று இல்லாவிட்டால் எதிலிருந்து நிரப்பும்?

நிற்க. இன்றைய வலைப்பக்கங்களை யாரும் ஒவ்வொன்றாகக் கையால் எழுதுவதில்லை. பள்ளியிலே நற்சான்றிதழுக்கு அச்சிட்ட படிவம் இருக்கிறது; மாணவன் பெயர், வகுப்பு, ஆண்டு ஆகிய இடங்கள் வெற்றாக விடப்பட்டிருக்கின்றன; எழுத்தர் நிரப்பிக் கொடுக்கிறார். வலைத்தளத்திலும் அத்தகைய படிவங்கள் உண்டு. அவற்றுக்கு 'வார்ப்புரு' என்று தமிழ் விக்கிப்பீடியர் வழங்கும் பெயர் நல்ல பெயர். வார்ப்புருவின் வெற்றிடங்களை நிரப்பிப் பக்கமாக்கி அனுப்பும் எழுத்தர் வேலையைச் செய்வது 'சட்டகம்' எனப்படும் மென்பொருள். ஜாங்கோ, ரெயில்ஸ், லாராவெல், சிம்ஃபனி என்று அவற்றுள் பல உள. 'பன்னிரண்டாம் பாடத்துக்கு இணைப்பு' என்று வார்ப்புருவில் குறித்துவிட்டால், அப்பாடத்தின் முகவரியைச் சட்டகமே எழுதிக்கொள்ளும்.

அவ்வாறு எழுதும்போது ஜாங்கோ வழக்கமாகத் தருவது உள்முகவரி மட்டுமே. இது குறையன்று, ஆழ்ந்து நோக்கின் நல்ல ஏற்பாடே. தளத்தை ஆக்குபவர் முதலில் தம் மடிக்கணினியில் வைத்து ஓட்டிப் பார்ப்பார். பின்னர் ஒரு சோதனை இடத்தில் வைப்பார். முடிவில் உலகறிய வெளியிடுவார். உள்முகவரிகள் மூன்று இடத்திலும் மாற்றமின்றி இயங்கும். லயத்து எண்களை மாற்றாமல் தோட்டத்தையே பெயர்த்து வைக்க முடிவது போன்றது அது. ரெயில்ஸும் சிம்ஃபனியும் இரண்டு வகைக்கும் வெவ்வேறு சொற்களை வைத்திருக்கின்றன. உள்முகவரி வேண்டின் ஒரு சொல், முழுமுகவரி வேண்டின் மற்றொரு சொல். எழுதுபவர் எது வேண்டும் என்று நினைத்துத் தேர்ந்தெடுக்கும்படி செய்வதால் இம்முறை பாராட்டத்தக்கது. லாராவெல்லில் பெயரிட்ட பக்கத்துக்கு முகவரி கேட்டால் முழுமுகவரியே வரும். உள்முகவரி வேண்டுமென்றால் தனியே கேட்க வேண்டும்.

உள்முகவரி எங்கே காலை வாருகிறது என்று காணலாம். 2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தபின், பாடம் யாவும் இல்லிருப்புக் கற்றல் கற்பித்தலாக மாறியது. வலைத்தளத்துக்குள் வந்து படிப்பது என்ற நிலை போய், இணைப்பு வீட்டுக்குச் செல்வது என்ற நிலை உண்டாயிற்று. புலனத்திலும் மின்னஞ்சலிலும் செல்லும் இணைப்புக்குத் 'திறந்து வைத்திருக்கும் பக்கம்' என்று ஒன்று கிடையாது. 'பகிர்க' என்ற பொத்தானின் வார்ப்புருவில் உள்முகவரியைப் போட்டிருந்தால், பெற்றோரின் கைப்பேசிக்குப் போய்ச் சேர்வது ஒரு சாய்கோடும் 'பாடம் 12' என்ற சொற்களுமே. அது இணைப்பாகவே தோன்றாது. தொட்டால் ஒன்றும் நிகழாது. ஒரே கைப்பேசியை மூன்று பிள்ளைகள் மாறிமாறிப் பயன்படுத்தும் வீட்டில், திறக்காத இணைப்பு என்பது அன்றைய பாடம் இல்லை என்பதே. ஆசிரியர் தம் கணிப்பொறியில் தளத்துக்குள் இருந்தவாறு சோதித்துப் பார்த்திருப்பார். அங்கே யாவும் சரியாகவே இருக்கும்.

இணைப்போடு புலனத்தில் தோன்றும் சிறு படமும் அப்படியே. படத்தின் முகவரியைப் பக்கத்தின் தலைப்பகுதியில் முழுமையாக எழுதியிருந்தால்தான் அது வரும் என்று நம்பலாம். தேடுபொறிகளுக்காகத் தளத்தின் பக்கங்களைப் பட்டியலிட்டுக் கொடுக்கும் கோப்பிலும் முழுமுகவரியே இருத்தல் வேண்டும் என்பது விதி.

அப்படியானால் எல்லா இடத்திலும் முழுமுகவரியை எழுதும்படி சட்டகத்துக்குச் சொல்லிவிட்டால் தீர்ந்ததன்றோ என்று கேட்கலாம். இங்கேதான் எதிர்பாராத ஒரு முடிச்சு இருக்கிறது. முழுமுகவரிக்குத் தளத்தின் பெயர் வேண்டும். தளத்தை இயக்கும் வழங்கிக்குத் தன் பெயர் தெரியுமா?

தெரியாது என்பதே விடை. வழங்கி என்பது எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் ஒரு கணிப்பொறி. அதற்கு எண்தான் உண்டு. பெயர் அவ்வெண்ணுக்கு வெளியிலே சூட்டப்பட்டது. ஓர் எண்ணுக்கு நூறு பெயர்கள் இருத்தலும் கூடும். ஆகவே, 1997இல் வெளிவந்த நெறிமுறையின் 1.1ஆம் பதிப்பு ஒரு விதி செய்தது: பக்கம் கேட்டு வரும் உலாவி, 'இன்ன பெயருடைய தளத்தை நாடி வந்தேன்' என்று தன் வேண்டுகோளிலேயே சொல்லியாக வேண்டும். வழங்கி தன் பெயரைக் கேட்டறிவது அந்த விருந்தினரின் வாயிலிருந்துதான். பெரும்பாலான சட்டகங்கள் முழுமுகவரி எழுதும்போது இவ்வாறு விருந்தினர் சொன்ன பெயரையே எடுத்து எழுதுகின்றன. விருந்தினர் சரியாகச் சொல்லும்வரை இதில் தீங்கில்லை.

ஆனால், விருந்தினர் சொல்லும் பெயர் சில வேளை பெயரே அன்று. பெயர் போன்ற சுட்டு. தளத்தை ஆக்குபவர் தம் கணிப்பொறியிலே அதனைத் திறக்கும்போது 'லோக்கல்ஹோஸ்ட்' என்று அழைப்பது வழக்கம். 'இந்தக் கணிப்பொறி' என்பது அதன் பொருள். அஃதாவது தன்மைப்பெயர், 'நான்' என்பதற்கு ஒப்பானது. 'நான்' என்பது சொல்லுபவனைக் குறிப்பதுபோல, லோக்கல்ஹோஸ்ட் என்ற முகவரி அதனைத் திறப்பவனின் கணிப்பொறியையே குறிக்கும். நெறிமுறையும் பாதையும் சேர்ந்து முழுமுகவரி போலத் தோற்றமளித்தாலும், மாணவன் தொட்டால் அவன் கைப்பேசி தன்னுள்ளேயே பாடத்தைத் தேடிக் காணாமல் திரும்பும். 192.168 எனத் தொடங்கும் எண்களும் இத்தகையனவே. அவை ஒவ்வொரு பள்ளியும் ஒவ்வொரு வீடும் தனக்குள்ளே வைத்துக்கொள்ளும் எண்கள். பள்ளியின் உள்வலையில் அவ்வெண்ணைக் கொண்டு தளத்தைத் திறந்து, அதில் தோன்றும் விரைவுக் குறியீட்டை அப்படியே பயிற்சித்தாளில் அச்சிட்டுக் கொடுத்தால், பள்ளிக்குள் இருக்கும்வரை அது திறக்கும். வீட்டுக்குப் போனதும் திறவாது. திரையிலுள்ள பிழையை மாலைக்குள் திருத்தலாம். இருநூறு பிரதி அச்சிட்ட தாளை என் செய்வது?

விருந்தினரே இல்லாத வேளையும் உண்டு. இரவு இரண்டு மணிக்கு, 'நாளை பயிற்சி ஒப்படைக்க வேண்டும்' என்று மாணாக்கர் அனைவர்க்கும் தானாக மின்னஞ்சல் அனுப்பும் நிரலை எண்ணிப் பார்க்க. அந்நேரத்தில் யாரும் பக்கம் கேட்டு வரவில்லை. பெயர் சொல்ல ஆளில்லை. இவ்விடத்தில் சட்டகங்களின் குணவேறுபாடு சுவையானது. பெயர் எழுதி வைக்கப்படாவிடில் ரெயில்ஸ், 'தளத்தின் பெயர் தரப்படவில்லை' என்று பிழைகூறி வேலையை நிறுத்திவிடும். சிம்ஃபனி, லோக்கல்ஹோஸ்ட் என்று எழுதி அனுப்பிவிடும். ஜாங்கோவில் தளப்பெயர்களைப் பதிந்து வைக்கும் பகுதியைச் சேர்த்துக்கொண்டு, பெயரை மாற்றாமல் விட்டவர்களின் கடிதங்கள் 'எக்ஸாம்பிள்.காம்' என்ற முகவரியோடு புறப்படும். அப்பெயர் எடுத்துக்காட்டுக்கென்றே 1999இல் ஒதுக்கி வைக்கப்பட்டது; அங்கே எந்தப் பள்ளியும் இல்லை. மூன்றனுள் ரெயில்ஸின் போக்கே நன்று. தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் எழுத்தர், தவறான பெயரை எழுதிக் கையொப்பமிடும் எழுத்தரைவிட மேலானவர்.

இனிக் கூறப்போவது இடையூறன்று, களவு. விருந்தினர் சொல்லும் பெயரை வழங்கி நம்புகிறது என்று மேலே கண்டோம். விருந்தினர் வேண்டுமென்றே பொய்ப்பெயர் சொன்னால்? கடவுச்சொல்லை மறந்தவர்க்குப் புதிது அமைக்க ஓர் இணைப்பு மின்னஞ்சலில் வரும் என்பதை யாவரும் அறிவர். அவ்விணைப்பின் பாதையிலே ஒரு மறைச்சொல் இருக்கிறது. அது யாரிடம் உள்ளதோ அவரே கணக்கின் உரியவர். கள்வன் ஒருவன் ஓர் ஆசிரியையின் பெயரில் 'கடவுச்சொல்லை மறந்தேன்' என்று வேண்டுகோள் விடுக்கிறான். விடுக்கும்போது தளத்தின் பெயர் சொல்ல வேண்டிய இடத்தில் தன் சொந்தத் தளத்தின் பெயரைச் சொல்கிறான். வார்ப்புரு அப்பெயரையே எடுத்து இணைப்பை எழுதுகிறது. கடிதம் போவதோ உண்மையான ஆசிரியைக்கு. அனுப்புவதும் உண்மையான வழங்கியே. எழுத்தும் இலச்சினையும் வழக்கம்போலவே இருக்கும். இணைப்பை அவர் தொட்டவுடன் மறைச்சொல் கள்வன் வீட்டுக்குப் போய்ச் சேரும். மாணவர்களின் மதிப்பெண், பெற்றோர் விவரம் யாவும் அந்தக் கணக்கின் பின்னால் இருக்கின்றன.

இது கற்பனையான அச்சம் அன்று. ஜாங்கோ சட்டகத்தினர் இதனை முன்னிட்டே 2013 பிப்ரவரியில் திருத்தம் வெளியிட்டனர். தளத்துக்கு உரிய பெயர்கள் இவையிவை என்று நிருவாகி முன்கூட்டியே பட்டியலிட்டு வைக்கவேண்டும். பட்டியலில் இல்லாத பெயரைச் சொல்லி வரும் வேண்டுகோளை ஜாங்கோ ஏற்காது. பட்டியலில் 'எப்பெயரும் ஆகலாம்' என்று பொருள்படும் உடுக்குறியை இட்டு வேலையை முடித்துக்கொள்வோர் சிலர் உண்டு. பூட்டை வாங்கிச் சாவியையும் அதிலேயே தொங்கவிட்டது போலத்தான் அது.

பெரிய தளங்களுக்கு முன்னால் ஜாகா போல ஓர் இடைநிலை வழங்கி அமர்ந்திருப்பதும் உண்டு. வெளியார் பாதுகாப்பான நெறிமுறையில் அதனிடம் பேசுவர்; அது உள்ளேயிருக்கும் வழங்கியிடம் சாதாரண நெறிமுறையில், சில வேளை வேறு பெயரில், பேசும். வெளியார் சொன்ன நெறிமுறையையும் பெயரையும் ஜாகா உள்ளே அறிவிக்கவில்லை எனில், பாதுகாப்பற்ற முகவரிகளை உள்வழங்கி எழுதித் தள்ளும். அறிவிப்பைத் தன் ஜாகாவிடமிருந்து மட்டுமே ஏற்கவேண்டும் என்பதும் மறக்கலாகாது. கள்வனும் அதே அறிவிப்பைச் செய்ய வல்லவன்.

ஆகவே வெளியே செல்லும் முகவரிக்குத் தளத்தின் பெயர், நிருவாகி எழுதி வைத்த பெயராகவே இருத்தல் வேண்டும். ஜொகூரில் இதற்கு ஒத்த காட்சியைக் காணலாம். மவுண்ட் ஆஸ்டின் தோட்டம் இன்று கடைத்தெருவும் குடியிருப்புமாக மாறிவிட்டது. ரினி தோட்டம் முத்தியாரா ரினி என்ற வீடமைப்புப் பகுதியாகிவிட்டது. பள்ளிகளோ மவுண்ட் ஆஸ்டின் தோட்டத் தமிழ்ப்பள்ளி, ரினி தோட்டத் தமிழ்ப்பள்ளி என்ற பெயர்களையே தாங்கி நிற்கின்றன. பள்ளியின் பெயரை அரசு பதிவேட்டில் காண்கிறது. வழிப்போக்கர் அவ்விடத்தை இன்று எப்படி அழைக்கிறார் என்று கேட்டு எழுதிக்கொள்வதில்லை.

ஜாங்கோவில் தளப்பெயர் பதியும் பகுதி தோன்றிய வரலாறு பத்திரிகை வாசகர்க்கு உவப்பாயிருக்கும். ஜாங்கோவே ஒரு நாளிதழ் அலுவலகத்தில் பிறந்தது. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்து லாரன்ஸ் நகரில் 'லாரன்ஸ் ஜர்னல்-வேர்ல்ட்' என்ற நாளிதழின் தளத்தை நடத்தியவர்கள் தங்கள் வேலைக்கென அதனை ஆக்கி, 2005இல் யாவர்க்கும் பொதுவாக வெளியிட்டனர். அந்நிறுவனம் செய்திக்கு ஒரு தளமும், ஊர்க் கேளிக்கைகளுக்கு மற்றொரு தளமும் வைத்திருந்தது. சில கட்டுரைகள் இரண்டிலும் வரவேண்டியிருந்தன. ஒரே கட்டுரை, ஒரே தரவுத்தளம், இரண்டு பெயர்கள். எந்தப் பெயரில் முகவரி எழுதுவது என்ற கேள்விக்கு விடையாகவே, தளங்களின் பெயர்களைப் பதிந்து வைக்கும் அப்பகுதி அமைந்தது.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் இந்நுட்பம் வார்ப்புரு எழுதுவோர் கைக்கு எட்டும்படியாகவே இருக்கிறது. 2003இல் தொடங்கிய அத்தளத்தின் மென்பொருளில், ஒரு பக்கத்தின் முகவரியை வருவிக்க மூன்று குறிச்சொற்கள் உள. ஒன்று உள்முகவரியைத் தரும். மற்றொன்று தளப்பெயரைச் சேர்த்து நெறிமுறையை விட்டுத் தரும். மூன்றாவது யாவும் நிரம்பிய முழுமுகவரியைத் தரும். இரண்டாவது எதற்கு என்று தோன்றலாம். சாதாரண நெறிமுறையிலும் பாதுகாப்பான நெறிமுறையிலும் விக்கிப்பீடியா ஒருசேர வழங்கப்பட்ட காலத்தில், படிப்பவர் எதில் வந்தாரோ அதிலேயே இருக்கும்படி செய்ய அது பயன்பட்டது. 2015இல் விக்கிமீடியா தன் தளங்கள் யாவற்றையும் பாதுகாப்பான நெறிமுறைக்கே மாற்றியது.

முழுமுகவரியைப் பொறுத்தவரை தமிழுக்கென ஒரு தனித்தொல்லை உண்டு. முகவரியின் பாதையில் தமிழ் எழுத்தை உலாவி காட்டினாலும், அனுப்பும்போது அது சதவீதக் குறியும் எழுத்தெண்களுமாக மாற்றப்படுகிறது. ஒருங்குறியில் க என்ற எழுத்துக்கு மூன்று எண்ணுருக்கள். ஒவ்வொன்றும் மூன்று குறிகளாக விரிவதால் ஒன்பது. 'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறிக்கோ இகரக் குறியும் புள்ளியும் தனித்தனி என்பதால் ஐந்து. முகவரியில் நாற்பத்தைந்து குறிகள்! நான்கு சொல் தலைப்பாயின் புலனச் செய்தி முழுதும் சதவீதக் குறியாகவே நிரம்பிவிடும். இடையில் முறிந்து பாதி இணைப்பாகிவிடுவதும் உண்டு. இதற்கெனவே தமிழ் விக்கிப்பீடியாவுக்குப் பக்க எண்ணை அடிப்படையாகக் கொண்ட குறுமுகவரி ஒன்று அமைக்கப்பட்டது. அச்சிடும் தாளுக்கு அத்தகைய குறுமுகவரியே பொருத்தம்.

பெயரை விருந்தினரிடம் கேட்டு எழுதுவதன் தீமையைத் தமிழ்கூறு நல்லுலகம் முழுதும் பட்டறிந்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. 2003ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ் வலைப்பதிவுகள் பெருகத் தொடங்கின. கட்டணமில்லாத பிளாக்கர் சேவையைப் பலர் கைக்கொண்டனர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் ஆசிரியர், எழுத்தாளர், மாணவர் எனப் பலதரத்தாரும் எழுதினர். அப்பதிவுகளின் முகவரி பிளாக்ஸ்பாட்.காம் என முடியும். 2012 தொடக்கத்தில் கூகிள் நிறுவனம் ஒரு மாற்றம் செய்தது. ஒரு நாட்டின் சட்டப்படி ஒரு பதிவை நீக்க நேர்ந்தால் அந்நாட்டில் மட்டும் நீக்குவதற்கு வசதியாக, வாசகர் இருக்கும் நாட்டைப் பார்த்து முகவரியின் ஈற்றை மாற்றிக் காட்டலாயிற்று. இந்தியாவில் படிப்பவர்க்கு பிளாக்ஸ்பாட்.இன். பின்னர் வேறு பல நாடுகளுக்கும் இவ்வழக்கம் பரவியது, மலேசியாவுக்கு '.எம்.ஒய்', சிங்கப்பூருக்கு '.எஸ்.ஜி'. ஜொகூர் பாருவில் வீட்டில் படித்த ஒரு பதிவு, பாலத்தைக் கடந்து உட்லண்ட்ஸில் இறங்கியதும் வேறு பெயர் பூண்டு நின்றது.

பதிவின் வார்ப்புருவில் முகவரியை வருவிக்க இருவகைக் குறிகள் இருந்தன. ஒன்று, வாசகர் எப்பெயரில் வந்தாரோ அப்பெயரில் தரும். மற்றொன்று, எங்கிருந்து வந்தாலும் பிளாக்ஸ்பாட்.காம் என்ற நிலைபெயரிலேயே தரும். முன்னதைப் பகிர்வுப் பொத்தானில் வைத்திருந்த பதிவுகளில் தொல்லை மூண்டது. தமிழ்மணம் முதலிய திரட்டிகளும், விருப்பங்களை எண்ணும் கருவிகளும் ஒரு பதிவை அதன் முகவரி கொண்டே அடையாளம் காண்பவை. சென்னையில் விரும்பியவர் கணக்கு ஒரு முகவரியிலும், சிங்கப்பூரில் விரும்பியவர் கணக்கு மற்றொன்றிலும் சேரும். பதிவர் பலர் நாட்டுப்பெயரைத் தவிர்த்து '.காம்' என்றே திறக்கச் செய்யும் வரிகளைத் தேடித் தம் வார்ப்புருவில் சேர்த்துக்கொண்டனர்.

2018இல் கூகிள் அம்முறையைக் கைவிட்டது. நாட்டுப்பெயரில் அமைந்த பழைய இணைப்புகள் மட்டும் தொடர்ந்து '.காம்' முகவரிக்கு வழிகாட்டின. பிறகு 2020இல் நிகழ்ந்ததுதான் வியப்பு. பிளாக்ஸ்பாட்.இன் என்ற பெயரின் பதிவு கூகிளின் கையை விட்டு நழுவி, வேறொருவர் பெயரில் பதிவாயிற்று. இந்தியாவிலிருந்து படித்தவர்கள் ஆறாண்டுக் காலம் நகலெடுத்து ஒட்டிய இணைப்புகள் யாவும், கட்டுரைகளின் அடியிலும், விக்கிப்பீடியாவின் மேற்கோள்களிலும், பிற பதிவுகளிலும், மின்னஞ்சல்களிலும் இருந்தவை, ஒருசேர வழி தவறின. பதிவுகள் அழியவில்லை, இருந்த இடத்திலேயே இருந்தன. அவற்றை எழுதியோரும் பிழை செய்யவில்லை. வாசகர் எங்கே நின்றார் என்பதைக் காட்டிய ஒரு சுட்டு, பெயரின் உடையில் உலகெங்கும் எழுதப்பட்டுவிட்டது.

இத்தகைய பழைய இணைப்பு ஒன்றை ஆசிரியர் எவரேனும் பயிற்சித்தாளிலோ தம் குறிப்பேட்டிலோ கண்டால், 'பக்கம் போயிற்று' என்று கிழித்தெறிய வேண்டியதில்லை. ஈற்றிலுள்ள '.இன்' என்பதை நீக்கி '.காம்' என்று தட்டிப் பார்க்கலாம். பதிவர் தம் பதிவை மூடாதிருந்தால் அது திறக்கும். பிறகு அப்பக்கத்தின் முகவரியை, தளத்துக்குள் நுழைந்திராத வேறொரு கைப்பேசியில், பள்ளி வலையிலன்றித் தொலைபேசி வலையில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுத் தாளில் ஏற்றினால் போதும்.